சீதை ஆச்சியின் கல்யாணச் செலவு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், யோசனை என்னுடையது. டாக்டருக்கும் இதில் சம்பந்தமில்லை, ரெங்கசாமி பெரியப்பாவுக்கும் சம்பந்தமில்லை. புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பில்லிங் கவுண்டரில் ஆறு வருஷமாக உட்கார்ந்திருக்கும் ஹரிணியாகிய நான்தான், அறுபத்தோரு வயது அம்மாவுக்கு ஒரே காலையில் மண்டபம் பிடித்து, சாப்பாடு சொல்லி, மணப்பெண் அலங்காரத்துக்கும் பணம் கட்ட வைத்தவள். மறுநாள் அந்த அம்மாவுக்கு ஆபரேஷன்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் டாக்டரிடம் அழுவார்கள், நர்ஸிடம் கெஞ்சுவார்கள், என்னிடம் மட்டும் சண்டை போடுவார்கள். நானும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. கறம்பக்குடிப் பக்கம் பிறந்தவளுக்குக் குரலை உயர்த்த யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் புதன்கிழமை காலை கவுண்டர் முன்னால் வந்து நின்ற சீதை ஆச்சியிடம் என் குரல் எழும்பவே இல்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மிரட்டிய கண்கள் அவருக்கு. நான் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

"உக்காரும்மா. எவ்வளவு கட்டணும்னு மட்டும் சொல்லு" என்றார்.

ஆச்சிக்குப் பூர்வீகம் திருமயம் பக்கத்து ஊர். பிறந்தது, வளர்ந்தது, டீச்சர் வேலை பார்த்தது எல்லாம் மலேசியாவில், ஈப்போவில். இடது மார்பில் ஒரு கட்டி. ஊசி குத்திப் பார்த்ததில் அது நல்ல கட்டி இல்லை என்று தெரிந்துவிட்டது. எங்களிடம் திருச்சி சர்ஜன் வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். புதன் மாலைக்குள் முழுப் பணமும் கட்டினால்தான் மறுநாள் லிஸ்டில் பெயர் ஏறும். இல்லாவிட்டால் அடுத்த வியாழன்தான். இந்தச் சமாச்சாரத்தில் ஒரு வாரம் என்பது சின்ன விஷயம் இல்லை.

"ஒரு லட்சத்து நாப்பதாயிரம் ஆச்சி" என்றேன்.

அவர் கைப்பையிலிருந்து போனை எடுத்து மெஷின் எங்கே என்பது போலப் பார்த்தார். கார்டு எங்கே என்று நான் கேட்டேன்.

"கார்டு ஈப்போவுல அலமாரியில இருக்கு. மவன் எல்லாத்தையும் இந்தப் போனுக்குள்ள ஏத்திக் குடுத்துட்டான். இதைக் காட்டுனா போதும்லா. சிங்கப்பூர்ல காட்டினேன், பேங்காக்ல காட்டினேன், எல்லா இடத்துலயும் எடுத்துக்கிச்சு."

சிங்கப்பூரில் எடுக்கும். எங்கள் மெஷின் உள்ளூர் கார்டைத் தவிர வேறு எதையும் தொடாது. வெளிநாட்டுக் கார்டு எடுக்கிற வசதி கேட்டு பேங்க்குக்கு எழுதிப் போட எங்கள் மேனேஜர் ஒன்றரை வருஷமாக நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். கவுண்டரில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையில் கட்டலாம் என்றால் அதற்கு இந்திய பேங்க் கணக்கு வேண்டும். வெளிநாட்டுக்காரர்களுக்கென்று ஒரு ஆப் இருக்கிறதாம், பாஸ்போர்ட்டைக் காட்டி ஏர்போர்ட்டிலேயே வாங்கியிருக்க வேண்டுமாம். ஏடிஎம்முக்குப் போகலாம் என்றால் கார்டு அலமாரியில் இருக்கிறது. ஆக, போன் நிறையப் பணம் வைத்துக்கொண்டு அந்த அம்மாவால் எங்கள் வாசலில் ஒரு டீ வாங்கிக் குடிக்க முடியாது.

"மவனுக்குப் போன் போட்டு அனுப்பச் சொல்லுங்க ஆச்சி. ஒரு நாள்ல வந்துரும்" என்றேன்.

ஆச்சி கவுண்டர் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். "அவனுக்குத் தெரியாது. ஊர்க் கோயில் கும்பாபிஷேகம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

ஈப்போவில் ஏன் வைத்தியம் பார்க்கவில்லை என்று கேட்டேன். அங்கே எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பாதி நர்ஸ் தன்னிடம் படித்த பிள்ளைகள், காலையில் படுத்தால் சாயங்காலம் மகன் காதுக்குப் போய்விடும் என்றார். பிறகு மகனைப் பற்றிச் சொன்னார். பெயர் சூர்யநாராயணன், வயது முப்பத்திரண்டு. ஆச்சியின் கணவருக்கும் இதே வியாதிதான், அவருக்குக் குடலில். சூர்யா வேலையை விட்டுவிட்டுப் பதினாலு மாதம் அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவர் போன பிறகு ஒரு வருஷம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. இப்போதுதான் புது வேலையில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது.

"ஒரு தடவை உக்காந்தது போதும். மறுபடியும் அவனை ஒரு கட்டில் பக்கத்துல உக்கார வைக்க மாட்டேன். எல்லாம் முடிஞ்சு, தையல் ஆறின பிறகு சொல்லிக்குவேன்" என்றார். மேஜையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். பாடம் முடிந்தது என்று அர்த்தம்.

அந்த நேரத்தில்தான் ரெங்கசாமி பெரியப்பாவின் நினைப்பு வந்தது.

பெரியப்பா என் அப்பாவின் பெரியம்மா மகன். திருமயம் ரோட்டில் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறார். செட்டியார் வீட்டுப் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்தாலும் கல்யாணத்துக்கு ஊருக்குத்தான் வருவார்கள். சொந்த ஊர் வீட்டில் சடங்கு, வந்தவர்கள் தங்கவும் வரவேற்புக்கும் பெரியப்பா மண்டபம். அவர்கள் கையில் எல்லாம் வெளிநாட்டுக் கார்டு. அதனால் ஆஸ்பத்திரியில் இல்லாத மெஷின் கல்யாண மண்டபத்தில் உண்டு. எங்கள் ஊரில் உயிர் பிழைக்க வசதி இருக்கிறதோ இல்லையோ, பந்தி போட எல்லா வசதியும் உண்டு.

"அவர் மெஷின்ல நீங்க போனைக் காட்டுங்க. காசு அவருக்குப் போகும், அவர் அதை எங்க கணக்குக்கு உடனே அனுப்பிருவாரு" என்றேன்.

ஆச்சி யோசித்தார். "கார்டு மவன் கணக்கோட சேந்தது. பென்சன் என்னோடது, ஆனா மெசேஜ் அவன் போனுக்குத்தான் போகும். யாரும் என்னைய ஏமாத்திடக் கூடாதுன்னு அவனே பண்ணின ஏற்பாடு. மெசேஜ்ல ஆஸ்பத்திரின்னு வராதுல்ல?"

"சத்தியமா வராது ஆச்சி. மண்டபம் பேருதான் வரும்."

"அப்பச் சரி" என்றார். இரண்டு படித்த பெண்கள் இவ்வளவு தூரம்தான் யோசித்தோம்.

பெரியப்பா அரைமணி நேரத்தில் மஞ்சள் பையோடு வந்தார். பைக்குள் மூன்று மெஷின்கள். மண்டபத்துக்கு ஒன்று, சமையல் கான்ட்ராக்டுக்கு ஒன்று, அவர் மருமகள் நடத்தும் மணப்பெண் அலங்காரத்துக்கு ஒன்று. வெளிநாட்டுக் கார்டு என்றால் ஒரு மெஷினில் ஒரு நாளைக்கு அறுபதாயிரத்துக்கு மேல் ஏறாதாம்.

முதல் மெஷினில் அறுபதாயிரம். ஆச்சி போனை முகத்துக்கு நேரே காட்டித் திறந்து, மெஷின் மேல் வைத்தார். கீங் என்று சத்தம், சீட்டு வந்தது. இரண்டாவதில் ஐம்பதாயிரம், கீங். மூன்றாவதில் முப்பதாயிரம், அதுவும் கீங். பெரியப்பா தன் போனிலிருந்து எங்கள் கணக்குக்கு முழுப் பணத்தையும் அனுப்பினார். நான் ரசீது அடித்து, ஆபரேஷன் தியேட்டர் லிஸ்டில் பெயரை ஏற்றச் சொன்னேன். வியாழன், காலை பதினொன்று. ஆச்சி என் கையைப் பிடித்து நன்றி சொல்ல வாயெடுத்தபோது அவர் போன் அடித்தது. வீடியோ கால். திரையில் சூர்யா என்று இருந்தது.

ஆச்சி வீடியோவை அணைத்துவிட்டுப் பேசினார். பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார் போல, எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"அம்மா, போன் உங்ககிட்டதான் இருக்கா? யாராச்சும் திருடிட்டாங்களா?"

"என்கிட்டதான் இருக்கு. ஏன்டா?"

"பத்து நிமிஷத்துல மூணு மெசேஜ் வந்திருக்கு. திருமண மஹால்னு ஒண்ணு. கேட்டரிங்னு ஒண்ணு. மூணாவது பிரைடல் மேக்கப்! பிரைடல் மேக்கப்மா! உங்கள யாரோ ஏமாத்துறாங்க. நான் பேங்குக்குப் போன் பண்ணி மூணையும் கேன்சல் பண்ணச் சொல்றேன்."

கேன்சல் ஆனால் லிஸ்டிலிருந்து பெயர் போகும்.

"பண்ணாதடா! நான்தான் குடுத்தேன். ஒரு கல்யாணத்துக்கு."

"யாரு கல்யாணம்?"

"சொந்தத்துலதான்."

"எந்தச் சொந்தம்? எந்தக் கோயில், யாரு வீடு? நம்ம வாட்ஸ்அப் குரூப்ல இருநூத்தி முப்பது பேரு இருக்காங்க, யாருமே சொல்லலையே. இருங்க, குரூப்ல கேக்குறேன்."

அங்கேதான் ஆச்சி மாட்டிக்கொண்டார். அவர்கள் செட்டியார் ஆட்களில் கல்யாணம் என்றால் ஒளித்துவைக்க முடியாது. எந்தக் கோயில் பிரிவைச் சேர்ந்த பிள்ளை, யார் வீட்டுப் பேரன், எத்தனை பேருக்கு இலை என்பது வரை ஈப்போவிலும் தெரியும், அமெரிக்காவிலும் தெரியும். குரூப்பில் ஒரு கேள்வி போட்டால் போதும், இருநூற்று முப்பது பேரும் தேட ஆரம்பித்துவிடுவார்கள், சாயங்காலத்துக்குள் ஒருத்தர் பழக்கூடையோடு எங்கள் வார்டுக்கு வந்து நிற்பார். உறவு முழுக்கத் தெரியாமல் நடக்கக்கூடிய கல்யாணம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும்.

ஆச்சி கண்ணை மூடிக்கொண்டார். "என் கல்யாணம்தான்டா" என்றார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஒலிபெருக்கி, டோக்கன் நம்பர் பத்தொன்பது என்று கூப்பிட்டது.

"அது என்னம்மா சத்தம்?"

"ஜவுளிக்கடை. சேலை எடுத்துக்கிட்டு இருக்கேன்."

"மாப்பிள்ளை..." அந்தச் சொல் அவன் வாயில் சிக்கிக்கொண்டது. "அவரு யாரு?"

ஆச்சி சுற்றிலும் பார்த்தார். கவுண்டர் முன்னால் இருந்த ஒரே ஆண்பிள்ளை, கையில் மூன்று மெஷினோடு நின்ற ரெங்கசாமி பெரியப்பா. அவர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "ரெங்கசாமின்னு பேரு. இங்கதான் நிக்கிறாரு, பேசு" என்று ஆச்சி போனை அவர் முகத்துக்கு முன் நீட்டிவிட்டார். டீச்சர் நீட்டினால் வாங்காமல் இருக்க முடியுமா?

"தம்பி, வணக்கங்க" என்றார் பெரியப்பா. அதற்கு மேல், முப்பது வருஷமாக மண்டபம் கேட்பவர்களிடம் போனில் பேசிப் பழகியது தானாக வந்தது. "எதுக்கும் கவலைப்படாதீங்க. ஒரு எலைக்கு இருபத்தோரு அயிட்டம். ஏசி இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு. நூறு கார் நிப்பாட்டலாம்."

நான் மேஜைக்குக் கீழே குனிந்து பேப்பர் பொறுக்குவதுபோலச் சிரித்தேன்.

"எப்ப கல்யாணம்?" என்று சூர்யா கேட்டான். ஆச்சி போனைப் பிடுங்கி, "நாளைக்கு, பதினோரு மணிக்கு" என்றார். வாயில் இருந்தது ஆபரேஷன் நேரம், அதுவே வந்துவிட்டது. "நீ வர வேண்டாம்டா, லீவு குடுக்க மாட்டாங்க" என்று அவர் சேர்ப்பதற்குள் போன் கட்டாகிவிட்டது.

ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் ஒரு நிம்மதி. "நம்பிட்டான்" என்றார்.

"கெளம்பி வந்துட்டா என்ன செய்வீங்க ஆச்சி?"

"வர மாட்டான். ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான். அதுக்குள்ள எனக்கு ஆறிடும். கோவமா இருந்தா அவன் சாப்பிடுவான், தூங்குவான். பயந்தான்னா ரெண்டும் செய்ய மாட்டான். எனக்கு அவன் கோவமா இருந்தாப் போதும்."

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. என் அம்மா எனக்கு ஒளித்த காய்ச்சல்கள் எத்தனையோ என்று நினைத்தேன். நினைக்க நினைக்க ஆத்திரம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அடுத்து வந்த டோக்கன் இருபதிடம் காரணமில்லாமல் எரிந்துவிழுந்தேன்.

பெரியப்பா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கிறார். காத்தாயி பெரியம்மா எனக்குப் போன் போட்டது. "ஏன்டி ஹரிணி, இந்த ஆளை ஒருத்தி கட்டிக்கிட்டு மலேசியா கூட்டிட்டுப் போறதா இருந்தா நானே ஆரத்தி எடுக்குறேன். ஒரு வாரம் வச்சுப் பாத்துட்டுத் திருப்பி மட்டும் அனுப்பக் கூடாதுன்னு சொல்லிரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ஆச்சிக்கு நல்லபடியா ஆகணும்டி" என்றது.

வியாழன் பத்தே முக்காலுக்கு ஆச்சியை உள்ளே கொண்டுபோனார்கள். துணைக்கு, ஊரில் அவர்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அழகு என்ற அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பதினொன்றரைக்குப் பெரியப்பா போன் போட்டார். பின்னால் மேளச் சத்தம்.

"ஏம்மா, மவன் வந்துட்டான்."

"எங்க?"

"மண்டபத்துக்கு! மெசேஜ்ல இருந்த பேரை வச்சு, திருச்சியில எறங்கி டாக்ஸி பிடிச்சு வந்துட்டான். இன்னைக்கு இங்கிட்டு காதுகுத்து நடக்குது. மாப்பிள்ளை எங்கன்னு கேட்டிருக்கான், நம்மாளுக மாலையோட உக்காந்திருந்த தாய்மாமனைக் காட்டிட்டாங்க. அவனுக்கு இருபத்தி நாலு வயசு. பையன் மயங்கி விழப் பாத்தான்."

"பெரியப்பா, ஆச்சி தியேட்டர்ல இருக்காங்க. ஒரு ரெண்டு மணி நேரம் அங்கிட்டே வச்சிருங்க."

"எப்புடி வச்சிருக்கச் சொல்றே?"

"பந்தியில உக்கார வைங்க. எந்திரிக்க விடாமப் பரிமாறுங்க."

அதை மட்டும் பெரியப்பாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் இலை முன்னால் உட்கார்ந்தவனை எழுப்ப முடியாது, எழவும் விடமாட்டார்கள். சூர்யா போதும் என்று கை மறிக்க மறிக்க ஒருத்தன் கறியை வைக்க, ஒருத்தன் சோற்றைத் தள்ள, ஒருத்தன் ரசத்தோடு நிற்க, ஒரு மணி வரை ஓட்டியிருக்கிறார்கள். நடுவில் அவன் தலை குனிந்து அழுதானாம். காரம் என்று நினைத்து ஒருத்தன் தண்ணீர் ஊற்றினானாம். பெரியப்பாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவனைக் கை கழுவ வைத்து, எல்லாவற்றையும் சொல்லி, தன் காரிலேயே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஒன்றரை மணிக்கு என் கண்ணாடி முன்னால் நின்றான். உயரமான, ஒல்லியான பையன். சட்டையில் குழம்புக் கறை. கையில் ஒரு பட்டுச்சேலைப் பெட்டி, இரண்டு மாலை. மாலையை ரோட்டில் எங்கோ வாங்கியிருக்க வேண்டும், பாதி வாடிவிட்டது.

"நிறுத்தணும்னுதான் டிக்கெட் போட்டேன்" என்று, நான் கேட்காமலேயே என்னிடம் சொன்னான். "பிளேன்ல யோசிச்சேன். பொண்ணு வீட்டுப் பக்கம் ஒருத்தருமே இல்லாம எங்கம்மா தனியா நிப்பாங்கன்னு தோணுச்சு. அதான் திருச்சியில எறங்குனதும் சேலை வாங்கிட்டு வந்தேன்."

பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறு. அதை மீற நான் மந்திரியையே விட்டதில்லை. கவுண்டரை அப்படியே போட்டுவிட்டு அவனை நான்தான் மேலே கூட்டிப்போனேன். படியில் ஏறும்போது சர்ஜன் சொன்னதைச் சொன்னேன். கட்டியை முழுசாக எடுத்தாகிவிட்டது, பரவியிருக்கிறதா என்பது பத்து நாளில் தெரியும். அவன் ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினான்.

ஆச்சிக்கு மயக்கம் பாதி தெளிந்திருந்தது. அவனைப் பார்த்ததும் கண்ணில் வந்தது பயம்தான். பிறகு டீச்சர் குரல் வந்தது, ரொம்ப மெல்லிசாக.

"யாரு உன்னைய வரச் சொன்னது? கெளம்பு. நாளைக்கு வேலைக்குப் போகணும்."

சூர்யா சேலைப் பெட்டியைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தான். நாற்காலியை இழுத்தான்.

"உக்காராதடா" என்றார் ஆச்சி. இப்போது அழுதுவிட்டார். "இப்புடி நீ உக்காரக் கூடாதுன்னுதானே இவ்வளவு கூத்தும் அடிச்சேன். அந்தப் பதினாலு மாசம் உனக்குப் போதும்டா."

"போதும்னு யாரும்மா சொன்னது?" என்றான். கத்தவில்லை. "என்கிட்ட ஒரு வாட்டி கேட்டீங்களா? அப்பா எனக்கு முப்பது வருஷம் அப்பாவா இருந்தாரு. என்கூட உக்காந்து பேசினது அந்தப் பதினாலு மாசந்தான். சின்ன வயசுல அவருக்கு என்ன பயம், உங்களை எப்படிப் பொண்ணு பாக்க வந்தாரு, எல்லாம் அந்தக் கட்டில்லதான் சொன்னாரு. அவரு போனதுக்குத்தான்மா அழுதேன். உக்காந்ததுக்கு இல்ல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அழகு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது. வாசலில் நின்ற பெரியப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். ஆறு வருஷத்தில் அந்த ஆஸ்பத்திரியில் முதல் தடவை.

ஆச்சி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, ஊசி குத்தியிருந்த வலது கையை மட்டும், டியூப் இழுபடாமல் மெதுவாக, அவன் பக்கம் நகர்த்தினார்.